முந்திரிப் புத்தகத்தின் ஆறாம் பக்கம்

கந்தர்வகோட்டை
6.10.2024

தம்பி எழிலரசனுக்கு அக்கா திலகவதி ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது, வாயும் வழக்கம்போல் இருக்கிறது. உன் கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை போன மாதம் சொன்ன அதே பதில்தானா?

பார்சல் வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஏழு புத்தகம். உன் பத்திரிகைக்கு மதிப்புரைக்கென்று இரண்டிரண்டு பிரதி வருவதில் ஒன்றை நீ இங்கே அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து எங்கள் சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ 'உம், உம்' கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எழுதினால்தான் உன்னைப் பிடித்து உட்கார வைக்க முடியும்.

துப்பறியும் நாவலை முந்திரி உடைக்கப் போகிற சத்யாவிடம் கொடுத்தேன். அவள் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "கொன்னவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சுக்கா, இனிமே நிம்மதியாப் படிக்கலாம்" என்கிறாள். கவிதைத் தொகுப்பை யாரும் எடுக்கவில்லை, நான்தான் படித்தேன். நாற்பது கவிதையிலும் மழை பெய்கிறது, ஒன்றிலும் யாரும் நனையவில்லை. சமையல் புத்தகம் சர்க்கரை நோய்க்காரி அமிர்தவல்லியிடம் இருக்கிறது. அவள் ஒன்றும் சமைப்பதில்லை, படித்தே பசியாறுகிறாள். பேய்க் கதைகளை உன் மச்சான் பகலில் மட்டும் படிக்கிறார்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். நான் படித்து, பின்னட்டைக்குள் 'இன்னாருக்கு ஆகும், இன்னாருக்கு ஆகாது' என்று சீட்டு ஒட்டாமல் ஒரு புத்தகமும் என் கையை விட்டுப் போகாது. இப்போது ஒரு சீட்டு காத்திருக்கிறது, புத்தகம்தான் இல்லை. மேலத்தெரு அடைக்கலம் அண்ணனுக்கு. போன வருஷம் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து ஐம்பத்திரண்டு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டாரே, அவர். முக்கால் ஏக்கர் முந்திரிதான் அவர் பிழைப்பு. "கதையெல்லாம் வேணாம் தங்கச்சி. முந்திரியப் பத்தி ஒன்னு குடுங்க. ஒரு புஸ்தகத்த நானே படிச்சு, அதுபடி ஒரு காரியம் செஞ்சு பாக்கணும்" என்கிறார். நல்லதாகப் பார்த்து அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.
திலகவதி

*

சென்னை
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு எழில். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், போதுமா? மச்சானின் முழங்காலுக்கும் வாய்க்கும் என் விசாரிப்பு.

கேட்ட நேரத்தில் முந்திரி பற்றியே ஒரு புத்தகம் மேசைக்கு வந்தது. வெளிநாட்டு விவசாய நூல் ஒன்றின் தமிழாக்கம், தாளும் அச்சும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இந்த மாதம் பதினான்கு புத்தகத்துக்கு மதிப்புரை எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் இதற்குத் தனியாக அரைப் பக்கம் ஒதுக்கினேன். வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன், அடைக்கலம் அண்ணனிடம் காட்டு. 'முந்திரி விவசாயி ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது பற்றிய நான்காம் அத்தியாயம் ஒன்றே போதும், மகசூல் பெருகும்' என்று முடித்திருக்கிறேன். கூடவே ஒரு பயண நூலும் இரண்டு சிறுவர் கதைகளும் இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எழில்

*

கந்தர்வகோட்டை
25.11.2024

தம்பிக்கு அக்கா. நாங்கள் நலம், நீ எப்படி? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சத்துணவுக் கூடத்தில் விறகு நனைந்து, பிள்ளைகளுக்கு முட்டை வேக வைப்பதற்குள் என் உயிர் போகிறது.

அடைக்கலம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் நான்காம் அத்தியாயத்தை அவரே எழுந்து நின்று வாசித்தார். 'கவாத்து' என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தி வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் சத்யா கைதட்டினாள், மனுஷர் வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம் கேட்கிறார். எங்கள் பக்கம் முந்திரியைக் கவாத்து செய்கிற பழக்கமே கிடையாது, அது பாட்டுக்கு வளரும். புத்தகத்தில் கார்த்திகை, மார்கழியில் கிளையை வெட்டச் சொல்லியிருக்கிறது. "இங்கிட்டு அது கொழுந்து விடுற நேரமாச்சே தங்கச்சி, வெட்டுனா பூ எங்கிட்டு வரும்? தம்பிட்டக் கேளுங்க. எழுத்துலயே பதில் வரட்டும், வச்சுக்கிருவேன்" என்றார். அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். உடனே எழுது.

திலகவதி

*

சென்னை
6.12.2024

அக்காவுக்கு, நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜனவரியில் புத்தகக் காட்சி வருகிறது, மூச்சுவிட நேரமில்லை, அதனால் நாலே வரி. அடைக்கலம் அண்ணன் பயப்பட வேண்டாம் என்று சொல். ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதிய நூல் அது. நூலில் உள்ளபடியே செய்யலாம்.

எழில்

*

கந்தர்வகோட்டை
16.2.2025

தம்பி எழிலரசனுக்கு. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

அடைக்கலம் அண்ணன் தோப்பில் நாற்பத்தெட்டு மரம். உன் நாலு வரி வந்த மறுநாளே இறங்கி நாற்பத்திரண்டை வெட்டினார். வேலியோரத்து ஆறு மரத்துக்கு வருவதற்குள் கையில் அரிவாள் பட்டு நிறுத்திவிட்டார். இன்றைக்கு அந்த ஆறு மரத்தில் மட்டும் பூ. தேனீ மொய்க்கிறது. மற்ற நாற்பத்திரண்டிலும் இலை பளபளவென்று நிற்கிறது, ஒரு பூங்கொத்து கிடையாது. நானே நேற்று மரம் மரமாகப் போய்ப் பார்த்தேன். இந்த வருஷம் அவருக்கு மகசூல் இல்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து சத்துணவுக் கூடத்து ஜன்னலில் வைத்தார். "என் கண்ணு சொன்னதக் கேட்டிருக்கணும் தங்கச்சி. அச்சுல இருக்கேன்னு எழுத்தக் கேட்டுப்புட்டேன். இனிமே இந்தப் படிப்பு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸின் போர்டைக்கூட இப்போது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறாராம்.

ஐம்பத்திரண்டு வயதில் படிக்கக் கற்றுக்கொண்ட மனுஷனை நாம் திரும்பக் கைநாட்டாக்கிவிட்டோம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், ஒரே வார்த்தையில் பதில் எழுது. அந்தப் புத்தகத்தை நீ படித்தாயா?

அக்கா

*

கந்தர்வகோட்டை
9.3.2025

எழிலுக்கு. நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து மச்சானின் முழங்காலை விசாரிக்கிறாயே. நான் புத்தகம் என்று வாயைத் திறந்ததும் டவர் போய்விடுகிறது. கேட்டு மூன்று வாரம் ஆகிறது.

போன சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சத்யா ஒருத்திதான் வந்தாள். அமிர்தவல்லி சமையல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அதுல என்னென்ன தப்பாப் போட்ருக்கானோ, யார் கண்டா" என்கிறாள். அவள்தான் சமைப்பதே இல்லையே என்று சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பதினாறு பேர் வந்துகொண்டிருந்த கூட்டம். ஒவ்வொருவரையும் வீட்டுக்கு வீடு போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். திரும்பவும் போவேன். ஆனால் கையில் என்ன புத்தகத்தோடு போவது?

கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா

*

சென்னை
30.3.2025

அக்கா, நமஸ்காரம். உன் உடம்பு, மச்சான் உடம்பு எல்லாம் சரியாக இருக்கட்டும்.

படிக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஆறு வாரம் ஆயிற்று. அந்த மாதம் வந்த பதினான்கில் நான் முழுதாகப் படித்தது நாலு. முந்திரிப் புத்தகத்தில் அணிந்துரையையும் பின்னட்டையையும் பார்த்தேன். நான்காம் அத்தியாயம் பிரமாதம் என்று அணிந்துரைக்காரர் எழுதியிருந்தார், நானும் எழுதினேன். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கவிதைக்கோ கதைக்கோ இப்படி எழுதினால் யாருக்கும் ஒரு கிளையும் போகாது, அதனால் பத்து வருஷமாக மாட்டவில்லை. டிசம்பரில் அண்ணன் சரியான சந்தேகத்தைக் கேட்டபோதாவது எடுத்துப் பார்த்திருக்கலாம். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த பிறகு படித்தேன். ஆறாம் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு இருக்கிறது. 'இது ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை விவசாயிகளின் அனுபவம். அங்கே அறுவடை முடிகிற மாதங்களையே தமிழ் மாதங்களாக மாற்றித் தந்திருக்கிறோம். நம் பகுதியில் மாதத்தைப் பார்க்காமல், அறுவடை முடிந்த பின் என்று கொள்ள வேண்டும்.' இவ்வளவுதான் அக்கா, ஐந்து வரி.

பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். "ஒன்னுக்குத் திருத்தம் போட்டா, மத்ததெல்லாம் என்னய்யான்னு கேப்பான்" என்றார். கேட்கட்டும் என்றேன். போடாவிட்டால் இனி என் பெயரில் ஒரு வரி வராது என்றும் சொல்லிவிட்டேன். ஏப்ரல் இதழில், நான் படிக்காமல் எழுதினேன் என்றே வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. நீ படித்துத்தானே சீட்டு ஒட்டுவாய்? ஆறாம் பக்கம் உன் கண்ணில் படவில்லையா?

எழில்

*

கந்தர்வகோட்டை
6.4.2025

தம்பிக்கு. இங்கே நலம்.

உன் பத்திரிகை இந்த ஊரில் ஒருத்தர் வீட்டுக்கும் வருவதில்லை. அதில் நீ திருத்தம் போட்டால் சென்னைக்காரர்கள் முந்திரி வெட்டாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். அடைக்கலம் அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்? நான் வாசித்துக் காட்டவும் மாட்டேன். நீ வா. அவர் தோப்பில் நின்று உன் வாயால் சொல். இந்த மாதக் கடைசி ஞாயிறு வருகிறாய். திருச்சி வரை ரயில், அங்கிருந்து பஸ் நிறைய இருக்கிறது.

வெயில் அதிகம், தொப்பி கொண்டு வா.

அக்கா

*

சென்னை
29.4.2025

அன்புள்ள அக்கா, நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மச்சான் கட்டிக் கொடுத்த புளிச்சோறு விழுப்புரம் வரை வந்தது.

நீ தோப்பு வாசலிலேயே நின்றுவிட்டாய், அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். நான் ரயில் முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சு அவரைக் கண்டதும் போய்விட்டது. "அண்ணே, அந்தப் புத்தகத்தை நான் படிக்கல. படிக்காமலே நல்லாருக்குன்னு எழுதினேன். நீங்க கேட்டப்பவும் படிக்கல" என்றேன். அவர் வெட்டிய மரங்களுக்கு நடுவில் என்னை அழைத்துப் போனார். ஒவ்வொரு வெட்டுக்காயத்தையும் நான் பார்க்கும் வரை நின்றார். நாற்பத்திரண்டு மரமும் பார்த்தேன். வேலியோரம் வந்ததும், காய்த்திருந்த ஒரு கிளையை வளைத்து என் கையில் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொட்டையைத் திருகி எடுத்தார். பிறகு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"படிக்காம எப்படித் தம்பி எழுதுவீக?" என்றார். கோபமில்லை அக்கா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அணிந்துரையைப் பார்த்து எழுதுவேன் என்றேன். "அப்ப எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதப்ப நான் பண்ணுனதத்தான் நீங்களும் பண்ணிருக்கீக, பக்கத்துல நிக்கிறவன் சொன்னதக் கேட்டு" என்றார். அதற்கு மேல் நான் அங்கே நிற்க முடியாமல் அழுதுவிட்டேன்.

கிளம்பும்போது, "அந்தப் புஸ்தகம் தங்கச்சிட்டதான இருக்கு? திரும்பக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கொடுத்துவிடு.

இந்த மாதத்திலிருந்து நாலு புத்தகத்துக்குத்தான் மதிப்புரை எழுதுவேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். பதினான்கு வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நேரில் இருந்தபோதும் அடுப்படிக்குள் போய்விட்டாய்.

எழில்

*

கந்தர்வகோட்டை
18.5.2025

தம்பிக்கு அக்கா. உன் மச்சான் சுகம். நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

நானும் படிக்கவில்லை. போதுமா?

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ஆய்வு வந்தது, பதிவேடெல்லாம் எழுத வேண்டியிருந்தது. நீ புகழ்ந்த நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தேன். 'அடைக்கலம் அண்ணனுக்கு ஆகும்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. உன்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேனே, அதெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொள்ளப் பயந்துதான். உன்னைத் தோப்புக்குள் அனுப்பிவிட்டு நான் ஏன் வாசலில் நின்றேன் என்று இப்போது புரிகிறதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பீரோவில் வைத்தேன். அப்புறம் ஊர் முழுக்கச் சொல்லி, சனிக்கிழமை பதினாறு பேரையும் கூப்பிட்டேன். அடைக்கலம் அண்ணன் வரவில்லை. மற்ற எல்லோர் முன்னாலும் சொன்னேன். அமிர்தவல்லி, "எங்களுக்குத்தான் தெரியாது, ஒனக்குமா?" என்றாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். "சரி தங்கச்சி, போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

புத்தகத்தை அவர் கேட்டபடி கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போகப்போகிறார் என்று சத்யா எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொல்கிறாள். போகட்டும். போனால் நானும் கூடப் போய், ஆமாம் நாங்கள்தான் கொடுத்தோம் என்று பக்கத்தில் நிற்பேன். அதிலிருந்து பின்வாங்க மாட்டேன். கூட்டத்தையும் விடமாட்டேன், நாலு பேர் வந்தாலும் நடத்துவேன். அவர் முகத்தைத் தெருவில் நேருக்கு நேர் பார்க்கிற நாள் வரவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

நீ சாப்பிடு.

திலகவதி

*

மேலத்தெரு
22.6.2025

எழிலரசன் தம்பிக்கு மு. அடைக்கலம் எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். வீட்டுல அவளும் மாடு கண்ணும் நல்லா இருக்கு. நீங்களும் ஒங்க சோலியும் நல்லா இருக்கணும். இதுதான் நான் எழுதுற மொதக் காயிதம். எழுதி முடிக்க நாலு நாளு ஆச்சு. தங்கச்சி திருத்தித் தாரேன்னுச்சு, வேணாம்னுட்டேன். கவருல வெலாசம் மட்டும் தங்கச்சி எழுதுனது.

நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன்னு யாரோ சொல்லித் தங்கச்சி பயந்துபோயி இருந்துச்சு. நான் எங்கிட்டும் போகல. வீட்டுல ஒக்காந்து அந்தப் புஸ்தகத்த மொத அட்டையில இருந்து படிச்சேன். அன்னக்கி நீங்க தோப்புல அழுதுட்டுப் போன பெறகுதான் அந்தப் புஸ்தகத்துல அப்புடி என்னதான் எழுதிருக்குன்னு பாக்கணும்னு வெறி வந்துச்சு. நூத்தி எம்பது பக்கம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆறாம் பக்கத்துல இருக்குறத நானும் பாத்தேன். நானும் மொதவாட்டி நேரா நாலாம் அத்தியாயத்துக்குத்தான் போனேன், ஒங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. அப்புடின்னு ஒங்க மேல கோவம் இல்லாமயும் இல்ல. இருக்கு. ஒரு வருசம் காய்ப்பு போனா எப்புடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது.

புஸ்தகம் எப்புடின்னு சொல்றேன். ஏழாவது அத்தியாயம் வெட்டி, மூணாவதுல சொன்னதவே திரும்பச் சொல்றான். தேனீப் பொட்டி வைக்கிறதப் பத்தி ஒம்பதாவதுல இருக்கு, அது ரொம்ப நல்லாருக்கு, பக்கத்துத் தோப்பு கண்ணுசாமி மச்சானக் கூப்புட்டு வாசிச்சுக் காட்டுனேன். பூச்சிக்கு அடிக்கச் சொல்ற மருந்துல ரெண்டு இங்கிட்டுக் கெடைக்காது. நாலாவது அத்தியாயத்துல தப்பு ஒன்னுமில்ல. அறுப்பு முடிஞ்ச பெறகு வெட்டச் சொல்றான், அது நாயம்தான். எனக்கு அறுப்பு முடிஞ்சுபோச்சு, ஆறு மரம்தான. ஆடி பொறந்ததும் வேலியோரத்து ஆறு மரத்தையும் அதுல சொன்னபடியே கவாத்து பண்ணப் போறேன். வீட்டுல அவ கிறுக்குப் புடிச்சிருச்சாங்கிறா. பண்ணத்தான் போறேன்.

போன சனிக்கிழமக் கூட்டத்துக்குப் போயி இதெல்லாம் சொன்னேன். பதினோரு பேரு இருந்தாக. சொல்லி முடிச்சதும் அமிர்தவல்லி அந்தப் புஸ்தகத்த எனக்குக் குடுங்கன்னு கேட்டுச்சு. அதுக்கு ஒத்த முந்திரி மரம் கெடையாது. நீங்க சொல்லி வாங்கல, தங்கச்சி சொல்லி வாங்கல, நான் சொல்லித்தான் வாங்கிட்டுப் போச்சு.

அதனால ஒன்னு கேக்குறேன். நம்ம மூணு பேருல அந்தப் புஸ்தகத்த ஊருக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சவன் நான் ஒருத்தன்தான். இனிமே பார்சல என் பேருக்கு அனுப்புங்க. நான் படிச்ச பெறகு தங்கச்சி கைக்குப் போகட்டும். தங்கச்சிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுருச்சு. கதைப் புஸ்தகமும் வைங்க. மெதுவாத்தான் படிப்பேன், அவசரப்படுத்தக் கூடாது.

இப்படிக்கு
மு. அடைக்கலம்